முகைதீன்பாவாவின் மூத்த மகள்

சாய்ந்தமருதில் பெண் பிள்ளைக்குப் பெயர் வைப்பதே பள்ளிக்கூட வரவு இடாப்புக்காகத்தான். வீட்டுக்குள் அவள் 'புள்ள', வெளியில் இன்னாருடைய மகள். நாலு ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் ஒரு தகப்பன் தன் மகளின் பெயரை வாய்விட்டுச் சொன்னால், கேட்டவர்களே கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நெல் வியாபாரி முகைதீன்பாவா இந்த விஷயத்தில் ஊரையே மிஞ்சியவர். அவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். ஸகியா பெரியவள், றம்ஸியா அவளைவிட மூன்று வயது சின்னவள். அவருடைய வாயில் அவர்கள் மூத்த மகள், இளைய மகள், அவ்வளவுதான். பெரிய ஒழுக்கம் என்று ஊர் மெச்சியது. அந்த ஒழுக்கம் என்ன வேலை பார்த்தது என்பதை ஊர் பிறகு மென்று விழுங்க வேண்டியிருந்தது.

அந்தப் பக்கத்தில் பெண் கலியாணம் முடித்து வெளியே போவதில்லை. மாப்பிள்ளைதான் ஒரு பெட்டியோடு பெண் வீட்டுக்கு வந்து சேருவார். மூத்த மகளுக்கென்று வளவின் முன்பக்கத்தில் கல்வீடு கட்டுவார்கள். கட்டி முடிந்ததும், அதற்காகவே உழைத்துத் தேய்ந்த வாப்பாவும் உம்மாவும் பின்னால் கிடக்கும் குசினிக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். முகைதீன்பாவாவும் கட்டினார். ஆறு யன்னல் வைத்த வீடு. ஸகியாவுக்கு நிந்தவூர் காலிதீனைப் பேசியும் வைத்தார். காலிதீன் அட்டாளைச்சேனையில் படித்துவிட்டு வந்த கணக்கு வாத்தியார். இரண்டும் இரண்டும் நாலு என்பதைக்கூட ஒருமுறை சரிபார்த்துவிட்டுத்தான் சொல்வார்.

எழுபத்தெட்டு நவம்பரில் புயல் வந்தது. பின்னேரமே தென்னைகள் முறியத் தொடங்கின. குடும்பம் பள்ளிவாசலை நோக்கி ஓடியது. பாதி வழியில் ஸகியா நின்றாள்.

"நான் என்ட ஊட்டு யன்னலப் பூட்டிட்டு ஓடி வாறன்" என்றாள்.

ஓடித்தான் போனாள், வரவில்லை. விடிந்து பார்த்தபோது வீட்டின் ஓடுகள் ஒன்றுகூட இல்லை. சுவர்கள் அப்படியே நின்றன. ஆறு யன்னலும் உள்ளே கொண்டி போட்டுப் பூட்டியிருந்தன. முன்கதவும் உள்ளே பூட்டியிருந்தது. கதவை உடைத்துக்கொண்டு போனார்கள். முழங்கால் அளவு மழைத் தண்ணீர் நின்றது, ஆள் இல்லை. கடல் எடுத்துவிட்டது என்றார்கள். பூட்டிய வீட்டுக்குள் கடல் எப்படி வந்து எப்படிப் போயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் கேட்பதற்கு யாருக்கு நேரமிருந்தது? அடையாளம் தெரியாத உடல்களைக் கரையோரம் முழுவதும் குழி குழியாகத் தோண்டி அடக்கிக்கொண்டிருந்தார்கள்.

தாய் சல்மா உம்மா இரண்டு மாதம் பெரியநீலாவணை வரைக்கும் கரை கரையாக நடந்து கேட்டாள். பிறகு நடப்பதை நிறுத்தினாள், கேட்பதையும் நிறுத்தினாள். உடல் இல்லாமலே மரணத் தொழுகை தொழுதுவிடலாம், அதற்கு வழியிருக்கிறது என்று பெரியவர்கள் முகைதீன்பாவாவுக்குச் சொன்னார்கள்.

"ஜனாஸாவக் கண்ணால காணாம என்னண்டு தொழுகிற?" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

அதனால் அந்த வீட்டில் ஸகியா மவுத்தாகவில்லை. 'மூத்த மகளுக்குக் கணவாய்க் கறி எண்டா உசிர்' என்பார் வாப்பா, பக்கத்து அறையில் இருப்பவளைப் பற்றிச் சொல்வது போல. றம்ஸியா தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைவாள்.

இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிந்தவூரார் இளையவளைக் கேட்டார்கள். வீட்டுக்குப் புது ஓடு போட்டார்கள். எண்பத்தொன்று பெப்ரவரியில் நாள் குறித்தார்கள். றம்ஸியாவுக்குக் காலிதீனைப் பிடித்திருந்தது. ராத்தா ஸகியாவுக்குப் பேசிய நாளிலிருந்தே பிடித்திருந்தது. அதை அவள் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

கலியாணத்தன்று மழை. முற்றத்துத் தகரப் பந்தலுக்குள் ஆண்கள், முன்வீட்டு அறைக்குள் பெண்கள், நடுவில் ஒரு திரைச்சீலை. பெண்ணின் சம்மதம் கேட்க அப்துல் கபூர் மாமா இன்னொரு சாட்சியோடு திரைக்கு அந்தப்பக்கம் வந்து நின்றார். இவர் உம்மாவின் தம்பி, மையத்து வீட்டிலும் பகிடி விடக்கூடிய மனிதர்.

"நிந்தவூர் காலிதீனுக்கு வாப்பா உங்கள நிக்காஹ் செஞ்சு குடுக்கச் சம்மதமா மகள்?"

"ஓம்" என்றாள் றம்ஸியா.

"ஒருக்காச் சென்னாப் போதும் மகள். எங்களுக்குக் காது நல்லாக் கேக்கும்" என்று மாமா சிரித்தார். பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். றம்ஸியா ஒருமுறைதான் சொல்லியிருந்தாள். பதற்றத்தில் இரண்டு தரம் வந்திருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

காவின் எழுதும் ஷரிபுதீன் லெப்பை கலியாணப் பதிவுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, தகப்பன் சொல்ல வேண்டிய வாசகத்தைச் சொல்லிக்கொடுத்தார். தகரத்தில் மழை கொட்டியது. அண்டாவிலிருந்து நெய்ச்சோற்று வாசனை எழும்பிவிட்டது, கூட்டுச் சாப்பாட்டுச் சஹன் தட்டைச் சுற்றி உட்காரச் சனம் துடித்துக்கொண்டிருந்தது. முகைதீன்பாவா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். மகளின் பெயர் வரவேண்டிய இடம் வந்ததும் தொண்டையைச் செருமினார்.

"என்னுடைய மூத்த மகளைப் பேசிய மஹருக்கு உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."

"ஏற்றுக்கொண்டேன்" என்றார் காலிதீன்.

திரைக்குள் இருந்த றம்ஸியாவின் காதில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. 'மூத்த மகள்' என்றதும் நெஞ்சுக்குள் ஒரு சின்னப் பெருமை குதித்தது. பிறந்ததிலிருந்து இளையவளாகவே இருந்தவள். வீடு, மாப்பிள்ளை, பட்டம் மூன்றும் ஒரே நாளில் வந்துவிட்டன. அடுத்த கணமே வெட்கமாய்ப் போயிற்று. ராத்தா இல்லாத நேரம் பார்த்து அவளுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் அழகு பார்த்த சின்ன வயது ஞாபகம் வந்தது.

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தது. பங்குனி வெயில் ஏறியபோதுதான் ஒன்றைக் கவனித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் காலிதீன், அஸர் தொழுததும், ஆறு யன்னலையும் ஒவ்வொன்றாகக் கொண்டி போட்டுப் பூட்டினார். புழுக்கத்தில் உயிர் போனது.

"என்னத்துக்கு மச்சான் இந்த வெக்கையில பூட்டுறீங்க?"

"நீதானே பூட்டச் சென்னாய்."

"நானா? எப்ப?"

"நேத்தும் சென்னாய், முந்தநாளும் சென்னாய்" என்றார் காலிதீன், மறதிக்கார மாணவனைப் பார்ப்பது போலப் பார்த்து. அவருக்குப் பகிடி விடத் தெரியாது. அதனால் றம்ஸியா தான் எப்போதாவது தூக்கக் கலக்கத்தில் சொல்லியிருப்பேனோ என்று யோசித்தாள்.

பிறகு கணவாய் வரத் தொடங்கியது. கிழமைக்கு மூன்று நாள் கல்முனைச் சந்தையிலிருந்து காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். றம்ஸியாவுக்குக் கணவாயின் மணமே வயிற்றைப் பிரட்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு ஆக்கினாள். நாலாம் கிழமை பொறுக்க முடியாமல் சட்டியைத் தூக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"எனக்குக் கணவாய் கண்ணுல காட்ட ஏலா மச்சான். ஆரு உங்களுக்கு இத வாங்கச் சென்ன?"

"உனக்கு உசிர் எண்டு நீதானே சென்னாய்."

இந்த முறை அவளுக்குக் கோபம் வரவில்லை. அன்றிலிருந்து அவள் கணக்கு வாத்தியாரைவிடக் கவனமாகக் கணக்குப் பார்த்தாள். 'நீ சென்னாய்' என்று அவர் சொல்லும் நேரங்களில் எல்லாம் அவள் பின்னால், குசினியில், உம்மாவோடு தேங்காய் துருவிக்கொண்டோ மீன் கழுவிக்கொண்டோ இருந்தாள். முன்வீட்டிலிருந்து அவருடைய குரல் கேட்கும். கொஞ்சம் பேசுவார், கொஞ்சம் நிறுத்துவார், மெல்லச் சிரிப்பார். பிள்ளைகளின் கொப்பி திருத்தும்போது வாய்விட்டுப் படிக்கிறார் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

ஒருநாள் பின்னேரம் அந்தச் சிரிப்புக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு முற்றத்தால் சுற்றிவந்து முன்கதவால் நுழைந்தாள். காலிதீன் கதிரையில் இருந்தார். கையில் பாதி குடித்த தேத்தண்ணி. அவள் அன்று இன்னும் தேத்தண்ணி ஊற்றவில்லை. உள்ளறை வாசலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், திரும்பி அவளைக் கண்டதும் திகைத்துப்போனார்.

"இப்பதானே உள்ளுக்குப் போனாய். எப்பிடி வெளியால வாறாய்?"

இருவரும் உள்ளறைக்குள் போய்ப் பார்த்தார்கள். கட்டில், அலுமாரி, கொண்டி போட்ட இரண்டு யன்னல். ஆள் ஒளிய ஒரு மூலைகூட இல்லை. காலிதீன் அலுமாரியைத் திறந்து பார்த்தார், கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார், எழுந்து அவளையே ஒரு கேள்வித்தாளைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"உன்ட முழங்காலுக்குக் கீழ ஒரு தழும்பு... கொய்யா மரத்தால விழுந்தது எண்டு சென்னாய்."

றம்ஸியா சீலையை முழங்கால் வரை தூக்கிக் காட்டினாள். இரண்டு காலிலும் ஒரு கீறல் இல்லை.

"அது ராத்தாட கால், மச்சான்."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவள் விடவில்லை. "முகத்தப் பாக்கல்லயா நீங்க?" என்று கத்தினாள்.

"என்ட பொண்டாட்டிட முகத்த நான் என்னத்துக்கு உத்துப் பாக்கிற? என்ட ஊட்டுக்குள்ள இருக்கிற பொம்புள என்ட பொண்டாட்டிதானே!"

எவ்வளவு நியாயமான பேச்சு! உலகத்தில் எல்லா ஆண்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள், எந்தக் கேடும் வருவதில்லை. வீட்டுக்குள் இருப்பவள் ஒருத்தியாக இருக்கும்வரை அந்தக் கணக்கு பிழைப்பதில்லை. றம்ஸியா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரைக்கு அந்தப்பக்கம் வாப்பா தொண்டையைச் செருமியதும், அதன் பிறகு சொன்ன வார்த்தையும் அப்போதுதான் அவளுக்கு முழுதாக நினைவு வந்தன. பயத்தைவிடப் பெரிதாக ஒன்று அவளைப் பிடித்துக்கொண்டது. இந்த வீட்டில் வந்து குடியேறியவள் ராத்தாவா, தானா என்ற சந்தேகம்.

மறுநாள் காலை முகைதீன்பாவா முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயவைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். றம்ஸியா போய் முன்னால் நின்றாள்.

"வாப்பா, என்ட கலியாணத்துல மூத்த மகள் எண்டு செல்லக்குள்ள ஆர நெனச்சீங்க?"

"இதென்ன கேள்வி புள்ள? உன்னத்தான் நெனச்சன். உன்ட பேர அவ்வளவு சனத்துக்கு முன்னால செல்ல எனக்கு நாக்கு எழும்பல்ல. அந்த ஊடு மூத்த பிள்ளைக்குக் கட்டின ஊடு, அதுக்குள்ள இருக்கப்போறவ நீ. அதான் அப்பிடி வந்த. நான் ஆரச் செல்றன் எண்டு மாப்புளைக்கும் தெரியும், லெப்பைக்கும் தெரியும், இருந்த அத்தன பேருக்கும் தெரியும்தானே."

"தெரியும் வாப்பா. ஆனா உங்கட மூத்த மகள் நானா?"

அவர் காலை நிறுத்தினார்.

"ராத்தா மவுத் எண்டு நீங்க ஒருநாளும் செல்லல்ல. தொழச் சென்னாங்க, தொழல்ல. அவ உசிரோட இருந்தா மூத்த மகள் அவதானே? அவ மவுத்தானாத்தானே நான் மூத்தவ?"

சொல்லும்போதே தான் என்ன கேட்கிறாள் என்று அவளுக்கு விளங்கியது. அவளுக்குத் தலை வாரிவிட்டவள், அடி விழும்போது குறுக்கே வந்து நின்றவள் ஸகியா. அவளுடைய மரணத்தை வாப்பாவின் வாயிலிருந்து பிடுங்கப் பார்க்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும் அந்தச் சொல் அவளுக்கு வேண்டியிருந்தது. படங்கில் முழங்காலிட்டு அவருடைய காலைப் பிடித்துக்கொண்டாள்.

"செல்லுங்க வாப்பா. ராத்தா மவுத் எண்டு ஒருக்காச் செல்லுங்க. எனக்கு அது போதும்."

முகைதீன்பாவாவின் வாய் திறந்து மூடியது. பிறகு அவர் காலை மெல்ல விடுவித்துக்கொண்டு, நெல்லை அப்படியே போட்டுவிட்டு, சட்டை மாற்றாமல் லெப்பையின் வீட்டுக்கு நடந்தார்.

வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு ஷரிபுதீன் லெப்பை வந்தார். அப்துல் கபூர் மாமாவும் கலியாணத்தன்று நின்ற மற்றச் சாட்சியும் கூட வந்தார்கள். முன்வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். காலிதீன் ஒரு பக்கம், முகைதீன்பாவா ஒரு பக்கம். றம்ஸியா கதவு மறைவில் நின்றாள்.

"இதுல என்ட பிழையும் கிடக்கு" என்று லெப்பை தொடங்கினார். "பேரச் செல்லுங்க எண்டு திருப்பிச் செல்ல வெச்சிருக்கணும். நெய்ச்சோத்து மணத்துல நானும் உட்டுட்டன். அல்லாஹ் மன்னிக்கணும்."

"வாப்பா என்னத்தானே நெனச்சாரு? புத்தகத்துலயும் என்ட பேர்தானே கிடக்கு?" என்றாள் றம்ஸியா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"புத்தகத்துல நான் எழுதினது சொல்லுக்குப் பொறகு மகள். கலியாணம் சொல்லுலதான் நடந்த. நீங்க ஒரு கடிதம் எழுதுறீங்க. ஒராள நெனச்சிக்கிட்டு எழுதுறீங்க. அது நெனச்ச ஆளுக்கா போற? மேல எழுதின முகவரிக்குத்தான் போற. அந்த முகவரியில ஆளில்லாட்டி, உங்கட நெனப்பப் பாத்து நாங்க திருப்பி எடுத்துக்கலாம். ஆளிருந்தா அவ கடிதத்த எடுத்துக்குவா. வாப்பா செல்லக்குள்ள உங்கட ராத்தா மவுத்தாகி இருந்தா, அந்தச் சொல்லு உங்கள்ள வந்து விழுந்திருக்கும். உசிரோட இருந்திருந்தா, அவவில."

"அப்ப ராத்தா..."

"எனக்குத் தெரியா மகள். அவவ அடக்கினவனும் இல்ல, கண்டவனும் இல்ல. சந்தேகத்தோட உங்கள வாழச் செல்ல எனக்குப் பயமாக் கிடக்கு."

அப்துல் கபூர் மாமா பொறுக்காமல், "அப்ப பேரச் செல்லி இப்பவே திருப்பி ஓதுங்க லெப்பை. என்ன பெரிய வேல?" என்றார்.

"ஒரு ஆம்புள ரெண்டு சகோதரிய ஒரே நேரத்துல வெச்சிருக்க ஏலா. பெரியவ பொண்டாட்டியா இருந்தா சின்னவள முடிக்க ஏலா. முதல்ல மாஸ்டர் பெரியவட பேரச் செல்லித் தலாக் செல்லட்டும். அவ அவருக்குப் பொண்டாட்டி இல்லாட்டி அந்தச் சொல்லு ஆரிலயும் விழாது, காத்தோட போகும். பொண்டாட்டியா இருந்தா விலகிப் போகும். மறுகா சின்னவட பேரச் செல்லி நிக்காஹ். ரெண்டு பக்கமும் சந்தேகம் தீரும்."

றம்ஸியாவுக்கு உயிர் திரும்பி வந்தது. இவ்வளவு சுலபமா? இத்தனை நாள் கணவாய் மணத்தோடு மாரடித்ததெல்லாம் ஒரு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் தீரப்போகிறது. உள்ளே ஓடிப்போய் முகத்தைக் கழுவினாள், கலியாணச் சீலையை எடுத்து அவசரமாகச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் கதவு மறைவில் நின்றாள்.

லெப்பை சொல்லிக்கொடுத்தார். காலிதீன் கண்ணை மூடிக்கொண்டு திருப்பிச் சொன்னார்.

"முகைதீன்பாவா மகள் ஸகியா என் மனைவியாக இருந்தால், அவளை நான் தலாக் சொல்லிவிட்டேன்."

இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயர் சத்தமாக ஒலித்தது. முகைதீன்பாவா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். குசினியிலிருந்து சல்மா உம்மா ஓடிவந்து பின்வாசலில் நின்றாள். எல்லோரும் எதையோ எதிர்பார்த்தது போல மூச்சடக்கி இருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ரோட்டில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று லெப்பை பேனையின் மூடியைக் கழற்றினார். புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே, எழுதுவதற்கு முன் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"இனி ஒரு சின்ன விஷயம். தலாக் சென்னா பொம்புள இத்தா எண்டு கொஞ்சக் காலம் காத்திருக்கணும், அதுக்குள்ள சகோதரிய முடிக்க ஏலா. ஆனா சேந்து வாழாத பொம்புளைக்கு இத்தா இல்ல. அப்ப இந்த நிமிசமே ஓதலாம். மாஸ்டர், நீங்க அவவோட சேந்து வாழல்லதானே?"

சும்மா கேட்ட கேள்வி. காணாமற்போனவளோடு யார் வாழ முடியும்? மாமாகூட வாயைத் திறந்து ஏதோ பகிடி விடத் தயாரானார்.

காலிதீன் உள்ளறை வாசலைப் பார்த்தார்.

அவருடைய தலை மெல்லக் குனிந்தது. காதிரண்டும் சிவந்தன. பாயின் ஒரு கோரையை நகத்தால் பிய்த்துக்கொண்டே இருந்தார். சரிபார்க்காமல் ஒரு விடையும் சொல்லாத மனிதர் அவர். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி போனது, இன்னொன்றும் போனது. மாமாவின் வாய் திறந்தபடியே நின்றது. கலியாணச் சீலையோடு கதவு மறைவில் நின்ற றம்ஸியா, இந்த வீட்டில் எத்தனை பொழுதுகள் தான் குசினியில் உம்மாவோடு தாமதித்திருக்கிறேன், எத்தனை நாள் காய்ச்சல் என்று உம்மாவின் பாயில் படுத்திருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கினாள்.

லெப்பை பேனையை மூடினார்.

"அப்ப இத்தா இருக்கு. அது முடியுமட்டும் அவ இந்த ஊட்ட உட்டு வெளிக்கிட ஏலா, இது அவட ஊடு. மாஸ்டர் உங்கட உம்மாட ஊட்டுக்குப் போங்க. மகள், நீங்க பின்னால போய் இருங்க. உங்களுக்கும் மாஸ்டருக்கும் இப்ப ஒரு உறவும் இல்ல."

"எத்தின நாள்?" என்றாள் றம்ஸியா. அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நாள் கணக்கில்ல மகள். விலக்கு வந்து மூணு தரம் துப்பரவாகணும்."

"அத ஆரு எண்ணுற?"

லெப்பை தாடியைத் தடவினார். இந்தக் கேள்வியைத் தானே முதலில் யோசித்திருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது.

"அவதான்" என்றார் கடைசியில். "அது பொம்புளைட உடம்பு. முடிஞ்சிட்டு எண்டு அவ தன்ட வாயால செல்லணும். வேற ஒத்தரும் செல்ல ஏலா."

காலிதீன் பெட்டியை எடுத்துக்கொண்டு நிந்தவூர் பஸ்ஸுக்குப் போனார். படலையைத் தாண்டும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். றம்ஸியா முற்றத்தில்தான் நின்றாள். அவர் பார்த்தது அவளை இல்லை, வீட்டை. றம்ஸியாவுக்கு வந்த ஆத்திரத்தில் கையில் ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பாள்.

அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு குசினிக்குப் போனாள். வாப்பா சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். உம்மா மட்டும் அடுப்படியில் சுறுசுறுப்பாக இருந்தாள். இத்தனை வருஷமாகக் காணாத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் இருந்தது. சோறு வடித்தாள். மத்தியானம் காலிதீன் வாங்கி வந்த கணவாயைச் சட்டியில் போட்டுத் தாளித்தாள். மணம் எழுந்தபோது றம்ஸியா மூக்கைப் பொத்தவும் மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மா பெரிய பீங்கானில் சோற்றைக் குவித்து, நடுவில் கறியை ஊற்றி, இன்னொரு பீங்கானால் மூடினாள்.

"ஆருக்கும்மா?"

"இதென்ன கேள்வி? இத்தா இருக்கிற புள்ளைக்கு நேரத்துக்குச் சோறு குடுக்கவேணாமா?" என்று சல்மா உம்மா முன்வீட்டுக்கு நடந்தாள். வெறும் கையோடு திரும்பி வந்து, பிந்திப்போன அஸரை நிம்மதியாகத் தொழ நின்றுவிட்டாள்.

றம்ஸியா எழுந்து முன்வீட்டின் பக்கம் போனாள். மஃரிப் பாங்கு இன்னும் சொல்லவில்லை, மேற்கே வெளிச்சம் இருந்தது. இரண்டு நாளைக்கு முன் ராத்தா மவுத் என்ற ஒரு சொல்லுக்காக வாப்பாவின் காலைப் பிடித்தவள் அவள். இப்போது ராத்தா உயிரோடு இருக்க வேண்டும், வாய் திறந்து பேசக்கூடியவளாக இருக்க வேண்டும், பேச மனம் உள்ளவளாகவும் இருக்க வேண்டும் என்று அல்லாஹ்விடம் கையேந்தினாள். தன் வாழ்க்கை முழுவதும் இனி அவளுடைய ஒரு வார்த்தையில்தான் தொங்குகிறது. பூட்டிக்கிடந்த யன்னல் பலகையில் நெற்றியை வைத்தாள்.

"ராத்தா" என்றாள். "முடிஞ்சா என்னட்டச் செல்லுங்க. நான் இதுலதான் நிக்கிறன்."

உள்ளே ஆறுதலாக, அவசரமே இல்லாமல், யாரோ பீங்கானிலிருந்து சோற்றைப் பிசைந்து தின்னும் சத்தம் கேட்டது.